தட்டணு குறைந்தும் ரத்தம் ஏன் உறைந்தது?

கேள்வி: 2021 மே மாதம் கொரோனா வந்து ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜனில் இருந்தேன். ரத்தம் உறையாமலிருக்க என்று தினமும் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அதற்கு முன் டெங்கு வந்தபோது, தட்டணு குறைந்துவிட்டது, ரத்தக்கசிவு வரலாம் என்றார்கள். கொரோனா ரிப்போர்ட்டிலும் தட்டணு குறைவாகத்தான் இருந்தது. குறைந்தால் கசியத்தானே வேண்டும்? பின்னர் கோவிஷீல்டு இரண்டு தவணையும் போட்டுக்கொண்டேன். ஸ்பைக் புரதம் ரத்தத்திலேயே தங்கி உறைய வைக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. பௌர்ணமிதோறும் கிரிவலம் போகிறேன். முடித்ததும் இரண்டு காலும் வீங்குகின்றன. தினமும் ஓர் ஆஸ்பிரின் போடச் சொல்கிறார், கூட வரும் நண்பர். போடலாமா?
– வாசகர், திருவண்ணாமலை

பதில்: டெங்கு வந்த பிறகு நம் ஊரில் தட்டணு எண்ணிக்கை தெரியாத வீடே இல்லை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும். குறைந்தால் பப்பாளி இலைச் சாறு. ஆனால் எத்தனை இருக்கின்றன என்பது ஒரு விஷயம், இருப்பவை எப்படி நடந்துகொள்கின்றன என்பது வேறு விஷயம். டெங்குவில் எலும்பு மஜ்ஜையில் உற்பத்தி குறைகிறது, ரத்தத்தில் இருப்பவையும் அழிகின்றன. கடுமையான கொரோனாவில் நடந்ததோ வேறு. தட்டணுக்கள் உசுப்பிவிடப்பட்டு, ஒன்றோடொன்று ஒட்டி, கட்டிகளில் செலவாகிப் போயின. எண்ணிக்கை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதனால்தான் உங்களுக்கு ஹெபாரின் வகை ஊசி.

உசுப்பியது யார்? கிருமியின் மேல் முள்முள்ளாக நிற்கும் ஸ்பைக் புரதத்தின் மீதுதான் முதலில் சந்தேகம் விழுந்தது. தட்டணுவிலும் ஏசிஇ2 என்ற ஏற்பி இருக்கிறது, ஸ்பைக் அதை நேராகப் பிடித்துக்கொள்கிறது என்று 2020-ல் சீன ஆய்வாளர்கள் எழுதினார்கள். அமெரிக்காவின் யூட்டா ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தபோது அந்த ஏற்பி தட்டணுவில் கிடைக்கவில்லை. வேறு ஏற்பிகள் வழியாக ஒட்டுகிறது என்போரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை. மறைமுக வழிகளுக்குத்தான் சான்று வலுவாக இருக்கிறது என்பது என் கருத்து. நுரையீரல் ரத்தக்குழாய்களின் உட்சுவர் புண்ணாகிறது. அங்கிருந்து வான் வில்லிபிராண்ட் காரணி என்ற ஒட்டும் புரதம் கொட்டுகிறது. வெள்ளணுக்கள் தங்கள் டிஎன்ஏவையே வலையாக வீசுகின்றன. எதிர்ப்புரதங்கள் கிருமித் துணுக்குகளோடு சேர்ந்து தட்டணுவைத் தூண்டுகின்றன. இத்தனையும் ஒரே நேரத்தில் நடந்தால் ரத்தம் உறையாமல் என்ன செய்யும்? 2024-ல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, உறைகட்டியின் நாரான ஃபைப்ரினையே ஸ்பைக் பற்றிக்கொள்கிறது, அப்படி உருவாகும் கட்டி எளிதில் கரைவதில்லை என்று காட்டியது. முக்கியமான ஆய்வுதான். ஆனால் அது சோதனைக் குழாயிலும் எலிகளிலும் கண்டது. வாட்ஸ்அப்பில் சுற்றும்போது எலி காணாமல் போய்விடுகிறது!

தொற்றுக்குப் பிந்தைய அபாயம் எவ்வளவு காலம்? ஸ்வீடனில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்ததில், காலில் ரத்தம் உறையும் அபாயம் 3 மாதம் வரையும், நுரையீரலில் 6 மாதம் வரையும் கூடுதலாக இருந்தது. நீங்கள் அதைத் தாண்டி ஆண்டுகள் ஆகிவிட்டன.

கோவிஷீல்டு விவகாரம் வேறு கதை. அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது ஸ்பைக் அல்ல, அதன் மரபணுவைச் சுமந்துவந்த அடினோ வைரஸ். தட்டணு சுரக்கும் பிஎஃப்4 புரதத்தோடு அது சேரும்போது, மிகச் சிலருக்கு அந்தப் புரதத்துக்கே எதிர்ப்புரதம் உண்டாகி ரத்தம் உறைகிறது. பெரும்பாலும் ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் இது தெரிந்துவிடும். 2021 மே மாதம் மத்திய அரசின் குழு சொன்ன கணக்கு, 10 லட்சம் தவணைக்கு 0.61. பிரிட்டனுக்கு அதே அறிக்கை தந்த எண் 4. நம் கணக்கில் விடுபட்டவை இருக்கலாம் என்றே நினைக்கிறேன். அப்படியே வைத்துக்கொண்டாலும் மிக அரிது. ஐசிஎம்ஆரின் சென்னை தேசிய நோய்த்தொற்றியல் நிறுவனம் முன்னின்று, 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரை ஆராய்ந்தது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது கூட்டியிருந்தது.

இப்போது உங்கள் கால். 14 கிலோமீட்டர் நடந்தபின் இரண்டு காலும் ஒருசேர வீங்கி, காலையில் வடிந்துவிட்டால் பெரும்பாலும் அது நீர் இறங்கியதுதான். சில பிரஷர் மாத்திரைகளும் இப்படிச் செய்யும். ரத்தக்கட்டி பொதுவாக ஒரு காலில் வரும். ஆடுதசை வலிக்கும், சூடாக இருக்கும், தூங்கி எழுந்தாலும் வடியாது. அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் சுற்றை முடிக்கக் காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஆஸ்பிரின் வேண்டாம். பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், ஆஸ்பத்திரியில் இருந்த சுமார் 15,000 கொரோனா நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதைக் கொடுத்தும் இறப்பு குறையவில்லை; இரு பக்கமும் 17 சதவீதம். ரத்தக்கசிவுதான் கொஞ்சம் கூடியது. இதய நோய் இல்லாதவர் தினமும் போட்டால் வயிற்றில் கசியலாம். மழைக்காலத்தில் மறுபடி டெங்கு வந்தால், ஆஸ்பிரின் ஏறிய உடம்பில் கசிவு அபாயம் இன்னும் அதிகம். நண்பர் மாரடைப்பு வந்தோ ஸ்டென்ட் வைத்தோ டாக்டர் சொல்லிப் போடுகிறார் என்றால், இதைப் படித்துவிட்டு அவர் நிறுத்திவிடக் கூடாது. அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.