புதையல் சமைக்கும் முறை

புதையல் என்னும் சொல்லைக் கேட்ட அளவில் உவகை கொள்ளாத உள்ளம் இல்லை. ஆயினும், விளையாட்டில் வரும் புதையல் பல வேளைகளில் உவகையை விளையாது சலிப்பையே விளைக்கின்றது. அதன் காரணத்தையும் அதனை நீக்கும் வழியையும் ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டின் இயல்பு

அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் இயற்றி, 1974-ஆம் ஆண்டில் மூன்று சிறு நூல்களாக வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பதே இவ்வகை மேசை விளையாட்டுகளுக்குத் தாய். நடுவர் ஒருவர் பாழடைந்த நிலவறை ஒன்றைத் தம் மனத்தாற் படைத்துத் தாளில் வரைந்து வைப்பர். ஏனையோர் மறவனாகவும் மந்திரவாதியாகவும் கள்வனாகவும் வேடம் பூண்டு, தாம் செய்வதை வாய்மொழியாற் கூறியே அதனுட் புகுவர். ஐயம் நேரும் இடத்துக் கவறு உருட்டி முடிவு காண்பர்.

கவறு என்றவுடன் சிலர் முகஞ் சுளிப்பர். வள்ளுவர் சூதினைக் கடிந்து ஓர் அதிகாரமே வகுத்தனர் அன்றோ? உண்மையே. ஆனால் ஈண்டுப் பணயம் வைப்பாரும் இல்லை. பொருள் இழப்பாரும் இல்லை. திருமறையிலும் சீட்டுப் போடுதல் இருவகையாக வருகின்றது. சிலுவையடியிற் போர்ச்சேவகர் ஆண்டவரின் அங்கிக்காகச் சீட்டுப் போட்டனர். அப்போஸ்தலர் மத்தியாவைத் தெரிந்துகொள்ளவும் சீட்டே போட்டனர். செயல் ஒன்றே, நோக்கம் வேறு.

புதையலின் பயன்

இவ்விளையாட்டின் பழைய முறையிற் புதையல் வெறும் அணிகலம் அன்று. ஆட்டத்தின் அச்சாணியே அதுதான். டாம் மால்ட்வே என்பார் திருத்திய 1981-ஆம் ஆண்டுப் பதிப்பை எடுத்துக்கொள்வோம். மறவன் ஒருவன் இரண்டாம் படிக்கு உயர 2,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 'ஆர்க்' எனப்படும் முரட்டுப் பூதம் ஒன்றை வென்றாற் கிடைப்பன பத்தே புள்ளிகள். ஆனால் நிலவறையினின்றும் மீட்டுக் கொணரும் செல்வத்திற்கோ, ஒரு பொற்காசு மதிப்புக்கு ஒரு புள்ளி உண்டு. வாள்வலி ஒன்றையே நம்புவோன் இருநூறு பூதங்களோடு பொருதல் வேண்டும். அறிவினை நம்புவோன் ஒரு பேழையைத் திறந்தாற் போதும். ஆகவே பதுங்கிச் செல்லலும், பேசி இணங்குதலும், ஏன், ஓடிப் பிழைத்தலுங்கூட ஈண்டு நன்மதி ஆகின்றன. கொலையை முதன்மையாக்காத இவ்விதியின் சிறப்பு, புதையல் சுவையுடையதாயின் மட்டுமே விளங்கும்.

சலிப்பின் காரணம்

பழைய நூல்களிற் புதையலுக்கு அட்டவணைகள் உண்டு. செம்பு உண்டா, வெள்ளி உண்டா, பொன் உண்டா என ஒவ்வொன்றிற்கும் நூற்றுக்கு இத்தனை என்று வாய்ப்புக் கண்டு, பின்னர் எத்தனை ஆயிரம் எனக் கவறு உருட்டுவர். மூவாயிரம் செப்புக்காசு விழுந்தது என்போம். பத்துக் காசு ஒரு இராத்தலாகலின் அதன் எடை 300 இராத்தல். நூறு செம்பு ஒரு பொன்னாகலின் அதன் மதிப்பு முப்பதே பொன். ஒருவன் சுமக்கும் பேரெல்லை 1,600 காசே. எனவே இருவர் வேறொன்றும் சுமவாது தூக்குதல் வேண்டும். இதனாற் கிடைப்பது தோள் நோவன்றி வேறென்ன? குறை கவற்றினது அன்று. கவறு எண்ணை மட்டும் தந்தது, கதையைத் தரவில்லை.

மெய்ப்புதையல் கற்பிப்பது

மண்ணினின்றும் மெய்யாகவே எடுத்த புதையல்களை நோக்குவோம். 1992-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹாக்ஸன் என்னும் ஊரில், உழவர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடச் சென்ற நண்பர், உரோமர் காலத்துப் புதையலைக் கண்டார். ஏறத்தாழ 15,000 காசுகள் அதில் இருந்தன. ஆயினும் காண்பார் நெஞ்சிற் பதிவன காசுகள் அல்ல. யூலியானா என்னும் பெண்ணின் பெயர் பொறித்த பொற்கங்கணமும், பெண்ணுருவாய் அமைந்த வெள்ளி மிளகுச் சிமிழுமே ஆம். நம் மேலைக் கடற்கரை மிளகு கடல் கடந்து சென்ற வரலாறு முழுதும் அச்சிமிழில் அடங்கியுள்ளது. 2009-ஆம் ஆண்டில் ஸ்டாஃபோர்டுஷையரில் வெளிப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் புதையலிலோ, மடித்து நசுக்கப்பட்ட பொற்சிலுவை ஒன்று கிடந்தது. மடித்த கை யாருடையது? பகைவனுடையதா, பேழையில் அடக்க முயன்ற அன்பனுடையதா? இவ்வினாவே புதையல்.

சமைக்கும் முறை

இதனினின்றும் யாம் கொண்ட முறை இது. மூன்று பட்டியல்கள் எழுதுக. ஒவ்வொன்றிற்கும் அறுமுகக் கவறு ஒன்றை உருட்டுக.

முதலாவது, பொருள் யாது? 1. வெள்ளிக் கரண்டி, 2. திருவிருந்துக் கிண்ணம், 3. பட்டுத் திரை, 4. வாட்பிடி, 5. கையெழுத்து நூல், 6. வெண்கல மணி.

இரண்டாவது, யாருடையது? 1. மறைந்த மன்னன், 2. அருகூரில் இன்றும் வாழும் கைம்பெண், 3. துறவியர் மடம்; 4. கடல் வணிகன், 5. நிலவறையின் பூதத்தலைவன், 6. ஆடுநரின் போட்டிக் குழுவினர்.

மூன்றாவது, அதன் இடர் யாது? 1. சுமத்தற்கு அரிது, 2. பாதி மட்டுமே உளது, 3. நீர் பட்டால் அழியும், 4. உடையார் பெயர் பொறித்தது, 5. பொன்முலாம் பூசிய போலி; 6. ஒருவர்க்கு மட்டுமே விலைமதிப்புள்ளது.

ஆறு, ஆறு, ஆறு எனப் பெருக்க 216 வகைகள் பிறக்கும். விலையை இரண்டு கவறுகளின் கூட்டுத்தொகையால் அறுதியிடுக. முப்பத்தாறு வழிகளுள் 6, 7, 8 விழுவன பதினாறு. அவற்றிற்கு நூறு பொன் வைக்க. 3 முதல் 5 வரை ஒன்பது வழிகள், ஐம்பது பொன். 9 முதல் 11 வரையும் ஒன்பதே, முந்நூறு பொன். 2 அல்லது 12 விழுவன இரண்டே. அவற்றிற்கு ஆயிரம் பொன். நடுவில் இயல்பும் ஓரங்களில் அருமையும் நிற்பது இம்முறையின் நலம்.

இரண்டு காட்டுகள்

ஆறு, மூன்று, ஒன்று விழுந்தன என்க: மடத்துக்குரிய வெண்கல மணி, சுமத்தற்கு அரிது. அதனை இழுத்துச் செல்லுங்கால் நாக்கு அசைந்து ஒலித்தாற் பூதங்கள் விழித்துக்கொள்ளும். நாவைத் துணியாற் கட்டுவதா? கயிற்றிற்கு எங்கே போவது? முன்னர்க் கண்ட செம்பின் பாரம் சலிப்பாயிற்று. ஈண்டு அதே பாரம் சூழ்ச்சியாகின்றது.

ஒன்று, இரண்டு, நான்கு விழுந்தன என்க: கைம்பெண்ணின் பெயர் பொறித்த வெள்ளிக் கரண்டி. விற்றால் நூறு பொன். திருப்பிக் கொடுத்தால்? இவ்விடத்து விதியை ஊன்றி நோக்குதல் வேண்டும். புள்ளி, பொருளை வைத்துக்கொள்வதற்கு அன்று. இருளினின்றும் வெளியே கொணர்வதற்கே. ஆதலின் நடுவர் இருதிறத்தார்க்கும் ஒரே புள்ளியை அளிக்கலாம். அவ்வாறு அளித்தபின் எஞ்சுவது, 'யான் எத்தகையன்?' என்னும் வினா ஒன்றே. அதனைக் கவறு அறுதியிடாது.

நடுவர்க்குச் சில சொல்

அட்டவணையை ஆட்டத்துக்கு முந்திய நாளே உருட்டிவிடுக. அப்பொழுதே கவறு தந்ததை நிலவறையின் வரலாற்றோடு பொருத்த இயலும். கவறு எதற்கெனின், நடுவரின் ஓரவஞ்சனையைத் தடுத்தற்கும், அவர் தாமே எண்ணாததை அவர்க்குக் காட்டுதற்கும் ஆம். ஆயினும் ஆற்றிலே போட்டாலும் அளந்து போடவேண்டும் என்பதை மறவற்க. ஓர் இரவில் அரிய பொருள் ஒன்று போதும். பத்து வைப்பின் பத்தும் எளியவாம்.

முடிவாக, புதையலின் பெருமை அதன் எடையிலும் இல்லை, விலையிலும் இல்லை. அதனைக் கையில் எடுத்தவன் அடுத்து என் செய்வான் என்பதில் உள்ளது. செல்வம் எங்கே உளதோ அங்கே உள்ளமும் இருக்கும் என்று நமக்குக் கற்பித்தவர் ஒருவர் உண்டு. நிலவறையினின்றும் ஆடுநர் வெளியேறும்போது, அவர் பையை மட்டும் நோக்காது உள்ளத்தையும் நோக்கும் நடுவரே நல்ல நடுவர் என்பது எம் துணிபு.