நாளேடும் பேரேடும்: பெருங் கோப்பு முறைமையிற் பதிவேட்டின் அளவு

கணினி பற்றித் தமிழாசிரியர் எழுதுவதோ எனச் சிலர் வியத்தல் கூடும். ஏடு காத்தல் தமிழ் கற்பார்க்கு என்றும் உரிய கடமை. ஆதலின், ஏடுகளை இன்று தாங்கிநிற்கும் கருவியின் இயல்பை ஆராய்தலும் எமக்குத் தக்கதே எனத் துணிந்து, ஈண்டு ஒரு சிறு பொருளை விளக்கப் புகுகின்றோம்.

கடைக்கணக்கு அறிந்தார் நாளேட்டையும் பேரேட்டையும் அறிவர். கொடுக்கல் வாங்கல் நிகழ்ந்தவுடன் நாளேட்டிற் குறிக்கப்படும். பின்னர்ப் பேரேட்டில் உரிய தலைப்பின்கீழ் ஏற்றப்படும். ஏற்றும்போது விளக்கு அணைந்து வேலை தடைப்படினும், நாளேட்டைப் பார்த்து மீண்டும் ஏற்றிவிடலாம். கணினியின் கோப்பு முறைமையும் இவ்வாறே இயங்குகின்றது.

புதிய கோப்பு ஒன்றைச் சேர்க்குங்கால், அதன் பெயர் அடைவில் எழுதப்படல் வேண்டும். அதன் விவரக்குறிப்பு அமைக்கப்படல் வேண்டும். வெற்றிடக் கணக்குத் திருத்தப்படல் வேண்டும். இம்மூன்றும் வன்தட்டின் வெவ்வேறிடங்களில் உள. இடையில் மின்சாரம் நின்றுவிடின் ஒன்று எழுதப்பட்டு மற்றொன்று விடுபட்டுப்போம். முன்னர் இப்பிழையைக் காண முழு முறைமையையும் சோதிக்கவேண்டியிருந்தது. தட்டுப் பெருகப் பெருக அச்சோதனை மணிக்கணக்காய் நீண்டது. இக்குறை தீர்க்கவே, மாற்றங்களை முதலிற் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும் முறை வந்தது. சிலிக்கன் கிராபிக்ஸ் நிறுவனத்தார் 1993 இல் ஆக்கத் தொடங்கி 1994 இல் ஐரிக்ஸ் இயங்குதளத்தோடு வெளியிட்ட எக்ஸ்.எவ்.எஸ்., 2001 இல் லினக்சிற் சேர்ந்த எக்ஸ்ற்-3 ஆகியன இதற்கு எடுத்துக்காட்டுகள்.

நிற்க. பதிவேடு எல்லையற்றதன்று. இறுதிப் பக்கம் நிறைந்ததும் முதற்பக்கத்தின்மேல் எழுதப்படும். முதற்பக்கத்துச் செய்திகள் உரிய இடங்களில் ஏறிய பின்னரே அப்பக்கம் மீண்டும் பயன்படும். எனவே, பதிவேடு சிறிதாயின் புதிய வேலை இடம் வேண்டிக் காத்துநிற்கும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் ஒருங்கே ஆக்கப்படும்போது இத்தாமதம் தெளிவாய்த் தோன்றும். பெரிதாயின் ஒரே இடத்திற்குரிய பல மாற்றங்கள் திரண்டு ஒருமுறையில் ஏறும், வேலை விரையும். ஆயின், மின்தடைக்குப் பின் பதிவேட்டைப் படித்து மீட்கும் நேரம் சற்று நீளும். முழுச் சோதனையோடு ஒப்பிடின் அது பொறுக்கத்தக்கதே.

இனி அளவைக் காண்போம். எக்ஸ்.எவ்.எஸ். முறைமையை ஆக்கும் கருவி, நாம் யாதும் கூறாவிடின், பெரிய முறைமைகளில் மொத்த அளவின் 2048 இல் ஒரு பங்கைப் பதிவேட்டுக்கு ஒதுக்கும். 1 தெராபைற்றுக்கு 512 மெகாபைற்று. 4 தெராபைற்றுக்கு ஏறக்குறைய 2 கிகாபைற்று. அதுவே மேலெல்லை, 40 தெராபைற்றாயினும் பதிவேடு அதற்குமேற் பெருகாது. ஆகவே, பெருமுறைமை ஆக்குவார் கருவியின் அளவை ஏற்றுக்கொள்ளலே பெரும்பாலும் நன்று. 2048 இல் ஒரு பங்கை மிச்சம் பிடிப்பதற்காகப் பதிவேட்டைக் குறுக்குதல் பொருந்தாச் சிக்கனமாம்.

பிழை நேருமிடம் மற்றொன்றுண்டு. முறைமையைச் சிறிதாய் ஆக்கிப் பின் பன்மடங்கு விரிப்பார் பலர். எக்ஸ்.எவ்.எஸ். விரியும், அதன் பதிவேடோ விரியாது. அதனைப் பெருக்க வேண்டின், அனைத்தையும் வேறிடத்திற் பெயர்த்து முறைமையைப் புதிதாய் ஆக்கல் வேண்டும். எக்ஸ்ற்-4 இல், முறைமையைப் பயன்பாட்டினின்று நிறுத்திப் பதிவேட்டை நீக்கி வேறளவிற் புதிது அமைக்கலாம். எனவே, இன்றுள்ள அளவை நோக்காது, என்றேனும் எய்தக்கூடிய அளவை நோக்கியே தொடக்கத்திற் பதிவேட்டை வகுத்தல் வேண்டும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எக்ஸ்.எவ்.எஸ். பதிவேடு காப்பது கோப்பு முறைமையின் அமைப்பையே. கோப்பினுள் எழுதிய பொருளையன்று. தட்டே பழுதுறின் பதிவேடும் உடன் அழியும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறு பிரதியில்லா ஏடுகள் மீளாது போனமையை நாம் அறிவோம். கல்லூரி மலர்களையும் பதிவுகளையும் தட்டிலேற்ற விரும்பும் பழைய மாணவர்கள், பிரதி ஒன்றை வேறோரிடத்தில் வைத்தலை மறவாதிருப்பாராக.

மாணவர்காள்! பின்னர்த் திருத்தக்கூடியவை பல, திருத்தலாகாதவை சில. தொடங்குமுன் அச்சிலவற்றை ஆராய்ந்தறிதலே கல்வியின் பயன் என்க.