குடிநீரும் தனியார் முதலும்

திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்தை யாம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பின்வரிசை மாணாக்கனொருவன் எழுந்து ஒரு வினா வினவினான். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆம் ஆண்டு தாளையடியில் திறந்துவைக்கப்பட்ட செய்தி அவன் மனத்தில் இருந்தது போலும். "ஐயா, அங்கே நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் எடுக்கலாமாம். குழாய்நீர் முழுவதையும் ஒரு கம்பனியிடம் ஒப்படைத்தால் அது அரசாங்கத்தினும் திறமையாக நடத்தாதோ?" என்றான். கடவுள் வாழ்த்தை அடுத்து வள்ளுவர் மழையை வைத்த காரணத்தை விளக்க முற்பட்டிருந்த எமக்கு உடனே விடை கூற இயலவில்லை. தமிழாசிரியர்க்கு இவ்விடயத்தில் என்ன அலுவல் என்று பழைய மாணவர் சிலர் நகைக்கவுங் கூடும். ஆயினும், வகுப்பிற் கேட்ட வினாவை விடையின்றி விடுதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆதலின் தேடிப் படித்தோம். படித்தவற்றுட் சிலவற்றை இம்மலரில் எழுதுகின்றோம்.

வளர்முக நாடுகளின் பெருநகரங்கள் பலவற்றில் நீர் இல்லாமையினும், உள்ள நீர் வீடு வந்து சேராமையே பெருங்குறையாக உளது. பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரமாகிய மணிலா இதற்குத் தக்க சான்று. அந்நகரின் நீரிற் பெரும்பகுதி அங்காற் அணையிலிருந்து வருவது. 1990 களில், சுத்திகரித்து அனுப்பிய நீரில் 60 வீதத்துக்கு மேற்பட்டது கட்டணம் பெறாமலே போயிற்று. குழாய் வெடிப்பிற் கசிந்தது ஒரு பங்கு. களவாக இழுக்கப்பட்டது ஒரு பங்கு. நீர்மானி பிழைத்ததால் கணக்கில் ஏறாதது ஒரு பங்கு. குழாய் எட்டாத சேரிகளில் வாழ்ந்த ஏழைகளோ, குழாய்நீர் பெற்ற செல்வர் கொடுத்த விலையினும் பன்மடங்கு கொடுத்துத் தண்ணீர் வியாபாரிகளிடம் வாங்கினர். இவ்விடத்தில் ஒன்றை நாம் மறத்தலாகாது: தனியாரிடம் நீர் வாங்குதல் ஏழைக்குப் புதிதன்று. அரசாங்கக் குழாய் எட்டாத இடத்தில் அவன் என்றும் தனியாரிடமே, அதுவும் மிகக் கூடிய விலைக்கு, வாங்கி வந்தான்.

1995 ஆம் ஆண்டில், சனாதிபதி பிடல் இராமோசு ஆட்சியில், தண்ணீர் நெருக்கடிச் சட்டமொன்று நிறைவேறியது. நகரம் கிழக்கு, மேற்கு என இரு வலயங்களாக வகுக்கப்பட்டது. பழைய குழாய்களும் நிலையங்களும் அரசின் உடைமையாகவே இருக்க, அவற்றை 25 ஆண்டுகளுக்கு நடத்தும் உரிமையைத் தனியார்க்கு அளிப்பதெனத் தீர்மானித்து, குறைந்த விலை எழுதுவோர்க்கே அவ்வுரிமை என்று கேள்விப்பத்திரம் கோரினர். அந்நாளில் ஒரு கன மீற்றர் நீரின் விலை 8.78 பெசோ. கிழக்கை வென்ற கம்பனி 2.32 பெசோவுக்கும், மேற்கை வென்றது 4.97 பெசோவுக்கும் தருவதாக எழுதின. கிழக்கை வென்றோரே மேற்குக்கும் மிகக் குறைந்த விலை எழுதியிருந்தனர். இரண்டும் ஒருவர்க்கே ஆகாதென்ற விதியினால் அது மற்றவர்க்குப் போயிற்று. விலை காற்பங்காகும் என்று கேட்டு மகிழாதார் யார்? ஆனால், சந்தையில் அளவுக்கு மிஞ்சி மலிவு சொல்பவனைக் கண்டால் நம் பாட்டிமார் பொருளைப் புரட்டிப் பார்ப்பதுண்டு.

உரிமை கைமாறிய நாள் 1997 ஓகஸ்ட் 1. அதற்கு முந்திய மாதத்திலேதான் ஆசிய நாணய நெருக்கடி தொடங்கியது. ஒரு டொலருக்கு 26 பெசோ அளவில் இருந்த மாற்று, சில மாதங்களில் 40 ஐத் தாண்டிற்று. பழைய நீர் அதிகாரசபையின் வெளிநாட்டுக் கடனில் 90 வீதத்தை மேற்கு வலயமும் 10 வீதத்தைக் கிழக்கு வலயமும் ஏற்க வேண்டுமென ஒப்பந்தத்தில் எழுதியிருந்தனர். அந்த ஒரு வரி மேற்குக் கம்பனியை வீழ்த்திற்று. 2001 இல் அது அரசுக்குரிய கட்டணத்தைச் செலுத்தாது நிறுத்தியது; பின்னர் கம்பனி அரசின் கைக்கு வந்து, 2007 இல் வேறு முதலாளிகளுக்கு விற்கப்பட்டது. அவர்கள் வந்தபின்பே மேற்கில் குழாய்கள் ஒழுங்காகத் திருத்தப்படலாயின.

கிழக்கிலோ வேலை நடந்தது. 63 வீதமாயிருந்த இழப்பு, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளில் 11 வீத அளவுக்கு இறங்கிற்று. நிலவுறுதி இல்லாதவர்க்கு இணைப்பு இல்லை என்னும் பழைய தடையை நீக்கி, பல குடும்பங்கள் ஒரு நீர்மானியைப் பகிர்ந்து கட்டணம் செலுத்த வழி செய்தனர். சேரித் தெருக்களுக்குக் குழாய் வந்தது. இது சிறிய காரியமன்று. ஆயினும் 2.32 பெசோ நிலைக்கவில்லை. கட்டணம் மீண்டும் மீண்டும் ஏறிப் பழைய விலையையும் கடந்தது. 2019 மார்ச்சில், நன்கு நடப்பதாகப் புகழப்பட்ட அந்தக் கிழக்கு வலயத்திலேயே குழாய்கள் வறண்டன. மக்கள் வாளிகளுடன் நள்ளிரவிலும் வரிசையில் நின்றனர். குழாயைத் திருத்தியோரும் அரசினரும் புதிய நீர்மூலத்தை உரிய காலத்தில் ஆக்கத் தவறியிருந்தனர். அவ்வாண்டு ஓகஸ்டில், கழிவுநீர் வசதிகளை உரிய காலத்தில் அமைக்காமைக்காக இரு கம்பனிகளுக்கும் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தண்டம் விதித்தது. 2021 இல் ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன.

பொலிவியாவின் கொச்சபம்பா நகரின் கதை இதனினும் கசப்பானது. 1999 இல் ஒரேயொரு கேள்விப்பத்திரம் வந்தது; அதற்கே 40 ஆண்டு உரிமையும், ஆண்டுக்கு 16 வீத அளவில் இலாப உறுதியும் கொடுத்தனர். 2000 சனவரியில் கட்டணம் திடீரென ஏறிற்று. தாமே கூடி வெட்டிய கிணறுகளும் கம்பனியின் உரிமைக்குள் அகப்படுமோ என்று சுற்றயலார் அஞ்சினர். ஊர் எழுந்தது, பதினேழு வயதுச் சிறுவனொருவன் சுடப்பட்டு இறந்தான், ஏப்பிரலில் ஒப்பந்தம் இரத்தாயிற்று. கம்பனியை வெளியேற்றியதால் மட்டும் குழாய் நீண்டுவிடவில்லை. நகரின் தென்பகுதி மக்கள் பல்லாண்டுகளின் பின்னும் தண்ணீர் வண்டிகளிடமே வாங்கினர்.

இனி, அரசாங்க சபை இதனைச் செய்யவே இயலாதோ எனின், கம்போடியாவின் நொம்பென் நகர் இயலும் என்கின்றது. 1993 இல் அங்கே இழப்பு 72 வீதம். எக் சொன் சான் என்பவர் தலைமை ஏற்று, வீடுதோறும் நீர்மானி பொருத்தி, கையூட்டு வாங்கிய உத்தியோகத்தரை விலக்கி, கசிவைத் தேடியடைத்து அதனை 6 வீத அளவுக்குக் கொணர்ந்தார். கட்டணம் செலுத்தாத படைத்தலைவர் ஒருவர் தம் தலைக்கு நேரே துப்பாக்கி நீட்டியதை அவரே கூறியுள்ளார். வெளிநாட்டுக் கடனும் உதவியும் பெற்றே இது நடந்தது. ஆனால் நடத்தியது அரசின் சபை.

இவற்றையெல்லாம் அடுத்த வாரம் அம்மாணாக்கனுக்குச் சொன்னோம். கம்பனி நல்லதோ தீயதோ என்று கேளாதே. ஒப்பந்தத்தில் கடன் யார் தலையில், கிணறு யாருக்கு, கணக்கைப் பார்ப்பவர் யார் என்று கேள் என்றோம். அவன் முழுவதும் ஒப்பினான் அல்லன். "எங்கள் ஊரில் அப்படி ஒப்பந்தம் வாசிப்பவர் ஆர் ஐயா?" என்றான். உன் வீட்டு உறுதியைக் கொண்டு வா என்றோம்.

கொண்டு வந்தான். பாட்டனார் காலத்து உறுதி. நொத்தாரிசின் கையெழுத்து மங்கியிருந்தது. காணியின் எல்லைகளைச் சொல்லி முடித்தபின், கிணற்றிற் பன்னிரண்டில் ஒரு பங்கும், அதற்குப் போய்வரும் வழியும், நீர் பாயும் வாய்க்காலும் இன்னாருக்கு உரியன என்று தெளிவாக எழுதியிருந்தது. வகுப்பு முழுவதும் கேட்க அவனைக்கொண்டே வாசிப்பித்தோம். வாசித்து முடித்துத் தாளை மடித்தவன், "குழாய்த் தண்ணீருக்கு இப்படி ஒரு வரியை எங்கே எழுதியிருக்கிறார்கள் ஐயா?" என்று கேட்டான்.