இடக்கையைப் பாடவிடு

அன்புத் தம்பிக்கு,

தேர்வு முடிந்த பிறகும் பாஹின் முதல் இன்வென்ஷனையே வாசிக்கத் தோன்றுகிறது, அடுத்த கிரேடு பாடத்தைத் தொடாமல் இருப்பது தப்பா என்று கேட்டிருந்தாய். தப்பே இல்லை. இசைமேல் உனக்குப் பிரியம் வந்துவிட்டது. அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

"இன்வென்ஷன் எல்லாம் விரல் பழக, இசை அதற்கு அப்புறம்" என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். 1720-இல், மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்கு ஒன்பது வயதானபோது, கோத்தன் நகரில் பாஹ் அவனுக்கென ஒரு பாட நோட்டைத் தொடங்கினார். இந்த இன்வென்ஷன்களின் முதல் வடிவம் அதில்தான் இருக்கிறது. 1723-இல் செப்பம் செய்து பிரதியெடுத்தபோது முகப்பிலேயே நோக்கத்தையும் எழுதிவைத்தார்: இரு குரல்களைத் தெளிவாக வாசிக்க வேண்டும், பாடுவதுபோல் வாசிக்க வேண்டும், இசையமைப்பிலும் ருசி பிறக்க வேண்டும். பயிற்சியையும் இசையையும் அவர் பிரித்ததே இல்லை.

நீ வாசிக்கும் இன்வென்ஷனின் முதல் பாரையே எடுத்துக்கொள். வலக்கை சி, டி, இ, எஃப், டி, இ, சி என்று போய் ஜி-க்குத் தாவுகிறது. பாதி பார் போனதும் இடக்கை அதையே ஓர் ஆக்டேவ் கீழே எடுக்கிறது. மூன்றாம் பாரில் அதே சங்கதி தலைகீழாக வருகிறது. ஏழாம் பாரில் இடக்கை முந்திக்கொள்ள, வலக்கை பின்தொடர்கிறது. 22 பாருக்குள் இவ்வளவும்! பியானோமேல் பிரியம் இடக்கை வழியாகத்தான் வருகிறது என்பது என் தீர்மானமான கருத்து. வலக்கையின் மெட்டு எவர் காதிலும் விழும். இடக்கையும் தனியாகப் பாடுவதைக் கேட்டவனால் பியானோவை விட்டு எழுந்திருக்க முடியாது.

இசையமைப்பாளர் ஷூமனை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். இளம் வயதில் வலக்கை விரல் பழுதாகி, பியானோ கலைஞராகும் எண்ணத்தையே கைவிட்டவர். இளம் இசைஞர்களுக்கு அவர் எழுதிய அறிவுரைகளில், கடினமானதை அரைகுறையாக வாசிப்பதைவிட எளியதை அழகாக வாசிப்பதே மேல் என்கிறார். வேகத்தைப் பீற்றிக்கொள்ளும் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்ய வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. சுத்தியல் கம்பியை அடித்து விலகியதுமே பியானோ நாதம் தேயத் தொடங்கிவிடும். வயலினில்போல் அதை வளர்க்க வழியில்லை. முந்தைய சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டு, அதற்கு இணங்க அடுத்ததைத் தொட வேண்டும். இதற்கு நிதானம் வேண்டும். வலக்கையை வாசித்துக்கொண்டே இடக்கையின் வரியை வாய்விட்டுப் பாடு. பிறகு கைமாற்றிச் செய்.

அடுத்த கிரேடு தானாக வரும். இனி எழுதும்போது மெட்ரோனோம் எண்ணை எழுதாதே. ஏழாம் பாரில் உன் காதில் என்ன விழுந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் ஆசிரியன்