இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது?

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. சென்னை ரிச்சி தெருவில் அப்பா வாங்கிவந்த 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் 931 ஜி.பி. என்றுதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்டிருந்தாய். ஏமாற்றவில்லை. எண்ணுகிற முறை இரண்டு இருக்கிறது, அவ்வளவுதான். டிஸ்க் தயாரிப்பவர்களுக்கு ஒரு டெராபைட் என்றால் சரியாக ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் ஆயிரத்துக்குப் பதில் 1024-ஐ வைத்துக் கணக்குப் போடுகிறது. அதற்கு ஒரு ஜி.பி. என்பது 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் பைட். ஒரு லட்சம் கோடியை அதனால் வகுத்துப் பார், 931 வந்துவிடும். இந்தக் குழப்பம் தீரட்டும் என்றுதான் 1998-இல் 1024 கணக்குக்கு மெபிபைட், டெபிபைட் என்று தனிப்பெயர்களே வைத்தார்கள். விண்டோஸ் அவற்றைத் திரையில் போடுவதில்லை. அதனால் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி எழுந்துகொண்டே இருக்கிறது.

நிஜமான ஏமாற்று வேறொன்று உண்டு. சில நூறு ரூபாய்க்கு '2 டி.பி. பென் டிரைவ்' என்று விற்பார்கள். கணினியும் 2 டி.பி. என்றே காட்டும். உள்ளே இருப்பது சில ஜி.பி.தான், அது நிறைந்த பிறகு ஏற்றும் கோப்புகள் பெயரளவில் இருக்கும், திறக்காது. அந்த விலையில் எதையும் வாங்காதே.

உன் கடிதத்தில் என்னைப் பதற வைத்தது அந்த 931 இல்லை. 'தாத்தா போட்டோ, வீட்டுப் பத்திரம் ஸ்கேன் பண்ணது எல்லாத்தையும் இதுல ஏத்திட்டு, போன்லேர்ந்து அழிச்சிடலாம்னு அப்பா சொல்றாங்க' என்று கடைசியில் எழுதியிருந்தாயே, அந்த வரிதான். அதைத் தடுக்கத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சாதனங்களுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள். போன் கடையில் '8 பிளஸ் 128' என்பார்கள். 8 ஜி.பி. என்பது ரேம், மின்சாரம் நின்றால் அதிலிருப்பது போய்விடும். 128 ஜி.பி. என்பது சேமிப்பிடம், அணைத்து வைத்தாலும் இருக்கும். இரண்டையும் 'மெமரி' என்றே சொல்வதால் பலர் குழம்புகிறார்கள்.

சேமிப்பிடம் இன்று பெரும்பாலும் இரண்டு வகை. அப்பா வாங்கியது ஹார்ட் டிஸ்க்: காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5400 முறையோ 7200 முறையோ சுற்றும், அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கும். தலைமுடியின் தடிமன் அதைப்போலப் பல ஆயிரம் மடங்கு. ஓடும்போது மேசையைத் தட்டினாலே ஆபத்து என்பது இதனால்தான். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் முதல் ஹார்ட் டிஸ்க் 24 அங்குலத் தட்டுகள் 50-ஐ அடுக்கி, சுமார் 50 லட்சம் எழுத்துகளைத்தான் வைத்திருந்தது. இன்று உன் போனில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படத்துக்கே அந்த இடம் சரியாகப் போய்விடும்.

இன்னொன்று எஸ்.எஸ்.டி. இதில் சுற்றுவது எதுவும் இல்லை. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோக்கா 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகம்தான் இதன் உயிர். மிகச் சிறிய அறைகளுக்குள் எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்து, எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணாகப் படிக்கிறார்கள். ஒரே அறைக்குள் மூன்று பிட் வைப்பதை டி.எல்.சி. என்பார்கள், எட்டு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் வைத்தால் கியூ.எல்.சி.; பதினாறு அளவுகள். மலிவாகிறது, ஆனால் பிழைக்கு இடம் குறைகிறது, சீக்கிரமும் தேய்கிறது. மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் வைத்தால் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. ஆகவே பென் டிரைவிலும் எஸ்.எஸ்.டி.யிலும் போட்டுப் பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. லேப்டாப்புக்குள் தினம் ஓடுவதற்கு அது அருமையான பொருள்.

கடையில் 'எம்.2 வேணுமா, சாட்டா வேணுமா' என்று கேட்டால் தடுமாறாதே. எம்.2 என்பது அட்டையின் வடிவம் மட்டும். வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே பேசும் மொழி. சாட்டா வழி பேசினால் வினாடிக்கு 550 எம்.பி. அளவில் நின்றுவிடும், என்.வி.எம்.இ. வழி பேசினால் ஆயிரக்கணக்கில் போகும். எம்.2 வடிவத்திலேயே இரண்டும் கிடைக்கும் என்பதால், என்.வி.எம்.இ. என்று எழுதியிருக்கிறதா, உன் லேப்டாப் அதை ஏற்குமா என்று பார்த்து வாங்கு.

இப்போது போனிலிருந்து அழிப்பது பற்றிய அந்த வரிக்கு வருகிறேன். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழை உனக்குச் சரியாக நினைவிருக்காது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. உங்கள் செம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது. பீரோவின் அடித்தட்டும் கணினியும் ஒரே தண்ணீரில் மூழ்கின. பிறகு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் கொடுத்தது. எப்படிக் கொடுக்க முடிந்தது? மதிப்பெண் விவரம் தேர்வுத் துறையில் இருந்தது; கிரயப் பத்திரத்தின் பதிவு சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தது. கல்யாண ஆல்பத்துக்கு அப்படி ஓர் அலுவலகம் இல்லை. வேறிடத்தில் இன்னொரு பிரதி இருந்தது திரும்பி வந்தது, இல்லாதது போனது. எந்தப் பொருளில் எழுதியிருந்தது என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

அப்பா செய்ய நினைப்பது இடமாற்றம். பிரதி ஒன்றுதான், இடம்தான் வேறு. பேக்கப் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பழகிய கணக்கு. அலுவலகங்களில் 'ரெய்டு' என்று பல டிஸ்க்குகளைக் கோத்து வைப்பார்கள். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். தவறுதலாக அழித்த கோப்பை அது காப்பாற்றாது, அழிப்பும் எல்லா டிஸ்க்கிலும் சேர்ந்தே நடக்கும். கூகுள் போட்டோஸும் அப்படித்தான்: செயலியில் அழித்தால் போனிலும் போகும், அங்கேயும் போகும். கிளவுட் என்பது சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் உள்ளவை போன்ற டேட்டா சென்டர்களில் வாடகைக்கு எடுக்கும் டிஸ்க். அங்கே ஒரு பிரதி இருப்பது நல்லது. ஆனால் கூகுளில் இலவசம் 15 ஜி.பி. வரைதான், அதில் மெயிலும் சேர்த்தி.

பிரதி பிழைத்தால் மட்டும் போதாது, படிக்கவும் வர வேண்டும். தாத்தாவின் மணிவிழா மலரை அப்பா அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து சிடியில் வைத்திருக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அப்போது ஆளுக்கொரு குறியீட்டு முறை: இணையத்தில் திஸ்கி, 1999-இல் அரசு அறிவித்த டாம், டாப். 2010-இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. யூனிகோடில், யூடிஎஃப்-8 முறைப்படி, தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும்; 'செம்பாக்கம்' என்ற சொல்லில் 11 குறியீடு, ஆக 33 பைட். ஆங்கிலத்தில் எழுதினால் 9 பைட்தான். கூடுதல் இடத்தைப் பார்த்துத் தயங்காதே, எந்த நாட்டுக் கணினியிலும் அது தமிழாகவே திறக்கும்.

நெடுங்காலம் படிக்க வைப்பதற்கு ஒரு நல்ல உதாரணம் தரமணியில் இருக்கிறது: ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஒருநாள் போய்ப் பார். அங்கே இருப்பவை கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ் நூல்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் அந்த நூலகம் உருவானபோது, அவற்றை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தார்கள். வெளிச்சமும் உருப்பெருக்கியும் இருந்தால் படித்துவிடலாம். முறையாக வைத்தால் நூற்றாண்டுகள் தாங்கும். நம் வீட்டுக்கு அது கட்டாது. ஆனால் எத்தனை காலம் தாங்க வேண்டும், யார் படிக்க வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டு அதற்கேற்ற பொருளைத் தேடினார்களே, அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

வேலையைச் சிடிகளிலிருந்து தொடங்கு. அவற்றின் சாயப்படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெடும், இப்போதைய பெரும்பாலான லேப்டாப்களில் சிடி போடவே வழியில்லை. பழைய கணினி உள்ள யாரிடமாவது கேள். மணிவிழா மலரை யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பி.டி.எஃப். பிரதியும் எடு. புது டிஸ்க்கில் எல்லாம் ஏறிய பிறகு, அங்கங்கே சில கோப்புகளைத் திறந்து பார். பெயர் தெரிகிறது என்பதால் கோப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பொங்கலுக்குத் திருச்சிக்கு வரும்போது அந்த டிஸ்க்கைக் கையோடு கொண்டு வா. என்னிடமுள்ள டிஸ்க்கில் ஒரு பிரதி ஏற்றிக்கொள்கிறேன், இங்கேயே இருக்கட்டும். அதுவரை போனிலிருந்து ஒரு படத்தைக்கூட அழிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
பெரியப்பா