டோக்கன் வாங்கிட்டீங்க, பிரவுசரைத் துடைச்சீங்களா?

பொங்கல் நெருங்கினால் மதுரை சுற்றுவட்டாரத்து பிரவுசிங் சென்டர்களில் புதுசாக ஒரு கூட்டம் சேரும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என மூன்று ஊர் ஜல்லிக்கட்டுக்கும் காளை உரிமையாளர்களும் மாடுபிடி வீரர்களும் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். ஆதார், செல் நம்பர், போட்டோ எல்லாம் ஏற்றி, தேர்வானால் டோக்கனை டவுன்லோட் செய்துகொள்ளலாம். போனிலேயே முடிகிற வேலைதான். ஆனாலும் "சின்ன ஸ்கிரீன்ல தப்பாயிரும், பிரிண்ட்டும் வேணும்ல" என்று பலரும் சென்டருக்கே போகிறார்கள்.

அப்படி ஒரு சென்டரில் வேறு வேலையாகக் காத்திருந்தேன். பக்கத்து கம்ப்யூட்டரில் பாலமேடு பக்கமிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர்க் கட்டத்தில் ஆபரேட்டர் முதல் எழுத்தை அடித்ததுமே கீழே ஒரு பட்டியல் விழுந்தது.

"என்ன தம்பி, எங்க ஊர்க்காரவுக பேரெல்லாம் இதுல கெடக்கு?"

"காலையில வந்தவுகளோடதுய்யா. அது தானா வரும்."

அடுத்து செல் நம்பர் கட்டம். அதிலும் பட்டியல். பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நாளைக்கு வர்றவுகளுக்கு என் நம்பரும் வருமா?" என்று கேட்டார். தம்பி சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

வரும் என்பதுதான் பதில். ஏன் வருகிறது, வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

பிரவுசர் எதையெல்லாம் நினைவில் வைக்கிறது?

குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ், சஃபாரி போன்றவற்றைத்தான் பிரவுசர் என்கிறோம். தமிழில் உலாவி. இணையதளத்துக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நிற்பதால் இரண்டு பக்கமும் அதற்குத் தெரியும். நாம் போன பக்கங்கள் ஹிஸ்டரியில் சேரும். ஃபாரத்தில் அடித்த பெயர், முகவரி, எண்கள் ஆட்டோஃபில்லில் சேரும். "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்கும்போது அவசரத்தில் சரி என்று தட்டியிருந்தால் அதுவும் உள்ளே இருக்கும். இறக்கிய கோப்புகள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். இவை நம் வசதிக்காக வந்தவைதான். ஒரே ஆள் பயன்படுத்தும் கருவியில் நல்ல வசதி. நாளுக்கு ஐம்பது பேர் உட்கார்ந்து எழும் கம்ப்யூட்டரில் அதுவே திறந்து கிடக்கும் பீரோ.

எனக்கு அதிகம் கவலை தருவது டவுன்லோட்ஸ் ஃபோல்டர்தான். இ-ஆதாரை டவுன்லோட் செய்தால் பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் ஆக வரும். அந்த பாஸ்வேர்டு என்ன? ஆதாரில் உள்ள பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்து, அதோடு பிறந்த வருடம். நம் விண்ணப்பத்தை அடித்த ஆபரேட்டருக்கு இரண்டுமே தெரியும். தெரியாவிட்டாலும் ஆட்டோஃபில் சொல்லிவிடும். ஆகவே கோப்பை விட்டுவிட்டு வந்தால், பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி. முழு எண் தேவைப்படாத இடங்களுக்கு, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக் கொடுக்கலாம். பல இடங்களில் அது போதும்.

அடுத்தது ஜிமெயில். ஓடிபியோ இணைப்போ மெயிலில் வந்திருக்கும், சென்டர் கம்ப்யூட்டரிலேயே லாகின் செய்வோம். குரோமில் 2018 முதல் ஜிமெயிலுக்குள் நுழைந்தால் பிரவுசருக்குள்ளும் நம் கணக்கு ஏறிவிடும். அப்போது "சிங்க் செய்யவா?" என்று ஒரு பெட்டி வந்து, சரி என்று தட்டிவிட்டால், வீட்டில் போனில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும் அந்தக் கம்ப்யூட்டருக்கு இறங்கும். மெயிலை மட்டும் மூடிவிட்டு எழுந்து வருவதில் பயனில்லை. கணக்கிலிருந்தே வெளியேற வேண்டும்.

அந்த சென்டரில் பெரியவர் விடவில்லை. "அழிச்சிட்டுக் குடு தம்பி" என்றார். தம்பியும் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினார். குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாவற்றிலும் இந்த மூன்று கீ வேலை செய்யும். ஆனால் அங்கே ஒரு சிக்கல் உண்டு. திறக்கும் பெட்டியில் கால அளவு குறுகியதாக இருக்கலாம். அதை "எல்லா நேரமும்" என்று மாற்ற வேண்டும். ஆட்டோஃபில், பாஸ்வேர்டு இரண்டும் "மேம்பட்டவை" என்ற பகுதிக்குள் தனியாக இருக்கும், பெரும்பாலும் டிக் ஆகியிருக்காது. அதைத் தொடாமல் அழித்தால் ஹிஸ்டரி போகும், பெயர்ப் பட்டியல் அப்படியே இருக்கும். தம்பிக்கும் அன்றைக்குத்தான் இது தெரிந்தது.

முடிந்தவரை வேலையைத் தொடங்கும்போதே மறைநிலை விண்டோவைத் திறக்கச் சொல்லிவிடுங்கள். இன்காக்னிட்டோ என்பார்களே, அதுதான். அதில் அடித்தவை ஆட்டோஃபில்லில் சேராது. விண்டோக்களை மூடியதும் லாகின்களும் போய்விடும். டவுன்லோட் செய்த கோப்பு மட்டும் போகாது. அதை நாமே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும்.

மறைநிலை யாரிடமிருந்து மறைக்கிறது?

அடுத்து அந்தக் கம்ப்யூட்டரில் உட்காருபவரிடமிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான். நாம் போகும் இணையதளத்திடமிருந்தோ இன்டர்நெட் கொடுக்கும் நிறுவனத்திடமிருந்தோ அது நம்மை மறைக்காது. இதை வைத்து ஒரு பெரிய வழக்கே நடந்தது. மறைநிலையில் இருந்தபோதும் தங்கள் இணைய நடவடிக்கைகளை கூகுள் சேகரித்தது என்று 2020-ல் அமெரிக்காவில் பயனாளர்கள் வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசம் ஏற்பட்டு, கோடிக்கணக்கான தரவுப் பதிவுகளை அழிக்க கூகுள் ஒப்புக்கொண்டது. மறைநிலையைத் திறக்கும்போது வரும் அறிவிப்பின் வாசகமும் மாறியது. அந்த அறிவிப்பை நாம் யாரும் படிப்பதில்லை. ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

முகவரிப் பட்டையில் "எச்டிடிபிஎஸ்" இருந்தால், நாம் அனுப்புவது வழியில் யாருக்கும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டுப் போகிறது. ரயில்வே ஸ்டேஷன் வைஃபையில் இருந்தாலும், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று தெரியலாமே தவிர, அங்கே என்ன அடித்தோம் என்பது தெரியாது. ஆனால் போலித் தளமும் எச்டிடிபிஎஸ் வைத்திருக்க முடியும். அதனால் அரசுத் தளம்தானா என்று முகவரியின் கடைசியில் வரும் "ஜிஓவி டாட் இன்" அல்லது "என்ஐசி டாட் இன்" எழுத்தையும் பாருங்கள்.

பிரவுசரே பேசினால்?

இதுவரை சொன்னது பிரவுசர் நம் கருவியில் வைத்துக்கொள்வதைப் பற்றி. பிரவுசரே நம் தகவலை வெளியே அனுப்பினால்?

பத்து வருடம் முன்பு ரீசார்ஜ் கடையில் புது போன் வாங்கியவர்களுக்கு யுசி பிரவுசர் ஞாபகம் இருக்கும். அணில் படம் போட்ட ஆப். 2ஜி வேகத்திலும் பக்கங்களைச் சுருக்கி வேகமாகக் காட்டும். டேட்டா செலவும் கம்மி. அப்போது நம் நாட்டில் மிகப் பிரபலம். 2015 மே மாதம் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிட்டிசன் லேப் அமைப்பு அதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. சீன மொழிப் பதிப்பு, போனின் ஐஎம்இஐ எண், சிம்மின் அடையாள எண், பயனாளர் இருக்கும் இடம் ஆகியவற்றைச் சரியான பாதுகாப்பு இல்லாமல் அனுப்பியதாம். "தனிப்பட்ட தரவை அழி" என்று கொடுத்த பிறகும் சில பதிவுகள் போனிலேயே தங்கியிருந்தன. நாம் பயன்படுத்திய ஆங்கிலப் பதிப்பிலும் தேடும் சொற்கள் பூட்டு இல்லாமலே போயிருக்கின்றன. என்ன நோய் என்று தேடினோமோ, எங்கே கடன் கிடைக்கும் என்று தேடினோமோ, அதே நெட்வொர்க்கில் நடுவே இருப்பவர் படித்துவிடலாம் என்று அர்த்தம். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி தடை செய்த 59 ஆப்களில் யுசி பிரவுசரும் ஒன்று.

அதே 2020-ல் ஷாவ்மி போன்களோடு வரும் பிரவுசர், மறைநிலையில்கூட போன தளங்களைப் பதிவு செய்வதாக ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்ததை ஃபோர்ப்ஸ் இதழ் வெளியிட்டது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனாலும் சில நாட்களில், மறைநிலையில் தரவு சேகரிப்பை நிறுத்திக்கொள்ளும் வசதியோடு அப்டேட் கொடுத்தது. ரெட்மி வைத்திருக்கும் வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று சொல்ல வேண்டியதில்லை. போனோடு வந்த பிரவுசர் என்பதற்காக அதையே பயன்படுத்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

குக்கீ பற்றிச் சுருக்கமாக. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி என்ற இன்ஜினியர் கண்டுபிடித்த சிறு குறிப்புச் சீட்டு அது. தளம் நம்மை மறுபடி அடையாளம் காண அதை நம் பிரவுசரில் வைக்கும். அது இல்லாவிட்டால் லாகின் நிற்காது. பிரச்சனை, நாம் போகாத விளம்பர நிறுவனங்களும் அதே பக்கத்தின் வழியாகத் தங்கள் சீட்டைச் செருகுவதுதான். அதனால்தான் ஒரு தளத்தில் மிக்ஸி பார்த்தால் இன்னொரு தளத்திலும் மிக்ஸி விளம்பரம் துரத்துகிறது. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் பின்தொடரும் இந்தச் சீட்டுகளைத் தாங்களே தடுக்கின்றன. குரோம் தடுக்கப்போவதாக 2020-ல் சொல்லி, பல முறை தள்ளிப்போட்டு, கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. குரோம் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் "தனியுரிமையும் பாதுகாப்பும்" பகுதிக்குப் போய், மூன்றாம் தரப்புக் குக்கீயை நாமேதான் தடுக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எதற்காகத் தரவு கேட்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். இதில் எனக்குப் பிடித்த விஷயம், அந்த அறிவிப்பைத் தமிழிலும் கேட்டுப் படிக்கும் உரிமை. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழிகளில் எதிலும் பார்க்கும் வசதி தரப்பட வேண்டும் என்கிறது சட்டம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வருவதற்குப் பதினெட்டு மாத அவகாசம்.

ஏற்கெனவே எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் வெளியேறாமல் வந்துவிட்டீர்களா? போனில் கூகுள் கணக்கைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் "உங்கள் சாதனங்கள்" பட்டியலைப் பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் இங்கிருந்தே வெளியேற்றி, பாஸ்வேர்டையும் மாற்றிவிடலாம். ஆதார் கோப்பை விட்டுவிட்டோமே என்ற சந்தேகம் இருந்தால், கைரேகையை ஆதார் தளத்தில் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். பணமே போய்விட்டது என்றால் யோசிக்காமல் உடனே 1930-க்கு போன் போடுங்கள்.