குறைமாதக் குழந்தையின் மூச்சு

பிள்ளைப்பேறு பத்து மாதம் என்பது நம் வழக்கு. மருத்துவர்கள் அதனை 40 வாரம் எனக் கணக்கிடுவர். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதக் குழந்தை. ஏழாம் மாதத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதத்துப் பிள்ளை பிழைக்காது என்று நம்மிடையே கூறுவோர் இன்றும் உளர். இது முற்றிலும் தவறு. கருவில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நன்மையே.

நுரையீரல் எண்ணற்ற நுண்ணிய காற்றறைகளால் ஆனது. அவற்றின் உட்புறத்தில் ஒருவகைப் பொருள் சுரந்து படர்ந்தாலன்றி, நனைந்த பிளாஸ்டிக் பைகளைப் போல அவை ஒட்டிக்கொள்ளும். அப்பொருள் போதிய அளவு சுரப்பது கருவின் கடைசி வாரங்களில்தான். முந்திப் பிறந்த சிசு மூச்சுக்குப் போராடுவதன் காரணம் இதுவே.

இதற்கு வழி காட்டியது ஒரு செம்மறியாட்டுக் குட்டி என்றால் வியப்பாக இருக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், பிரசவ வலி எவ்வாறு தொடங்குகிறது என ஆராய்ந்துவந்த டாக்டர் லிக்கின்ஸ், கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு வகை மருந்தைச் செலுத்தினார். பிழைக்க இயலாத பருவத்தில் பிறந்த குட்டியொன்று மூச்சு விட்டது. நுரையீரலை மருந்து முதிரச் செய்திருந்தது.

குழந்தை மருத்துவர் ஹாவியுடன் இணைந்து அவர் 282 தாய்மார்களிடம் இதனைச் சோதித்தார். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினருக்குப் பீட்டாமெத்தசோன் ஊசியும், மற்றவர்க்கு வீரியம் மிகக் குறைந்த வேறோர் ஊசியும் போடப்பட்டன. மருத்துவரே ஆளைத் தேர்ந்தால் விருப்பு வெறுப்பு கலந்துவிடும், ஆகவேதான் குலுக்கல். 1972இல் முடிவு வெளிவந்தது. மூச்சுத்திணறல் நோய் ஒரு பிரிவில் 100 குழந்தைகளுக்கு 9 என்றும், மற்றதில் ஏறத்தாழ 26 என்றும் இருந்தது. பயன் பெற்றவை, 32 வாரத்திற்கு முன் பிறந்தவற்றுள், ஊசி போட்டு 24 மணி நேரமேனும் கழித்துப் பிறந்த குழந்தைகளே.

அப்படியாயின் எல்லோருக்கும் போட்டுவிடலாமே எனத் தோன்றும். இந்தியா, கென்யா உட்பட ஆறு நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், ஊசியைப் பரவலாக்கியும் சிசு மரணம் குறையவில்லை, சற்றே கூடியது. ஊசி பெற்றோருள் மிகப் பலருக்குப் போதிய எடையுள்ள குழந்தைகளே பிறந்தன. பின்னர் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 2,852 தாய்மார்களிடம், வாரத்தைச் சரியாகக் கணக்கிட்டு, டெக்சாமெத்தசோன் ஊசியைச் சோதித்தது. 2020இல் வந்த முடிவின்படி, 100க்கு 23.5 ஆக இருந்த சிசு மரணம் 19.6 ஆகக் குறைந்தது.

ஆக, வாரக் கணக்கும் காலமும் இன்றேல் மருந்து பயன்படாது. கடைசி மாதவிலக்கு நாளைக் குறித்துவைத்து, முதல் மாதங்களிலேயே தாய்சேய் நல நிலையத்தில் பதிந்துகொள்ளும் தாயின் கணக்கே மருத்துவருக்கு உதவும். ஆய்வில் சேர அழைப்பு வந்தால், விளக்கம் கேட்டபின் இசையவோ மறுக்கவோ அவருக்கு உரிமையுண்டு. மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையாது.

நாள் நிறையாமல் விட்டுவிட்டு வயிறு இறுகுதல், ஓயாத இடுப்பு வலி, நீர் கசிதல், உதிரம் காணுதல் ஆகியவற்றுள் ஒன்று நேரினும், இரவாயினும், காலைப் பிரட்டு முடியட்டும் எனக் காத்திராமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். ஊசி வேலை செய்ய ஒரு பகலும் ஓர் இரவும் தேவை.